ஆசான் சொல்லித்தந்த மறைபொருளைச் சனிக்கிழமை வகுப்பில் என்ன செய்வது?

வெள்ளவத்தையில் சனி, ஞாயிறுகளில் சிலம்பமும் கராத்தேயும் பழக்குகிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் சிலம்ப ஆசான் மட்டக்களப்புப் பக்கம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கம்பு வீச்சோடு வர்மம் (அடிபட்டால் ஆபத்தான உயிர்நிலைகள்), அடங்கல் (வர்மத்தில் அடிபட்டு விழுந்தவரை எழுப்பத் தூண்டும் இடங்கள்), மூச்சு, சில மந்திரங்கள் எல்லாம் எனக்குச் சொல்லித்தந்தார். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கோ பெல்ட்டும் மெடலும்தான் வேண்டும். ஓ/எல் (சாதாரண தர) சோதனை வந்தால் நின்றுவிடுவார்கள். பழையதை எப்படிக் காப்பாற்றுவது? எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கலாமா? வீடியோ எடுத்து வைத்தால் போதுமா?"

தம்பி, மனதில் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரகசியம் வெளியே போனதால் அழிந்த கலை என்று எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. அசைவு கைமாறி, அந்த அசைவு எதற்கு என்பது கைமாறாமல் விடுபட்டதால் செத்துப்போனவை நிறைய. அதனால் யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், எதை எதோடு சேர்த்து, எந்த ஒழுங்கில் சொல்வது என்று யோசியுங்கள்.

கராத்தேயும் பழக்குகிறீர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தொடக்க நிலைப் பிள்ளைகள் செய்கிற ஹெய்யான் கட்டாக்கள் (கட்டா என்றால் ஒழுங்கு மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்) பள்ளிக்கூடத்தை மனதில் வைத்து ஆக்கப்பட்டவை. கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் இத்தோசு அங்கோ என்ற ஆசான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார். 1908இல் அதன் பயன்களை விளக்கிப் பத்து அம்சங்களோடு ஒரு கடிதமும் எழுதினார். அதுவரை ஓர் ஆசானும் இரண்டு மூன்று மாணவருமாக, வெளியார் கண்ணில் படாமல் நடந்த பழக்கம் வகுப்பறை வரிசைக்கு வந்தது. பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தவர் அவர்தான். 1922இல் ஃபுனகோஷி கிச்சின் என்ற ஒகினாவா ஆசான் டோக்கியோவுக்குப் போய்க் கலையைக் காட்டி, பிறகு அங்கேயே தங்கிப் பழக்கினார். அவர்தான் அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். கழுத்தை முறுக்குவது, தொண்டையைப் பிடிப்பது போன்ற விளக்கங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டார்கள். அது நியாயமான முடிவு, நானும் அப்படித்தான் செய்வேன். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. பள்ளி முறையில் பழகியவர்கள் வளர்ந்து தாங்களே ஆசான்களாகி, தங்களுக்குச் சொல்லப்பட்ட அளவுதான் முழுக்கலை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதன் விளைவை உங்கள் வகுப்பிலேயே பார்க்கலாம். ஒரு பிள்ளை வலது கையால் குத்தும்போது இடது முஷ்டி இடுப்புக்கு வரும். ஏன் அங்கே வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "சேர் அப்படித்தான் சொன்னவர்" என்பான், கொஞ்சம் பெரியவன் என்றால் "பலம் கூடும்" என்பான். பழைய ஒகினாவா விளக்கத்தில் அந்தக் கை சும்மா திரும்பி வருவதில்லை. எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து, முறுக்கி, தன் இடுப்புக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. இழுபட்டவன் முன்னால் சாய்வான். சாய்ந்து வருகிற முகத்துக்குத்தான் மற்றக் கை போகிறது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, ஒருவனின் மணிக்கட்டை மற்றவன் மெதுவாகப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். முழங்கை தானாக விலாவோடு ஒட்டும். இடுப்பும் தானாகத் திரும்பும், ஏனென்றால் கையால் மட்டும் இழுத்தால் எதிரே நிற்பவன் அசையமாட்டான். "இடுப்பைத் திருப்பு, முழங்கையை ஒட்டு" என்று வருடக்கணக்காகக் கத்தித் திருத்துகிற இரண்டு குறைகள் அந்த ஒரு விளக்கத்தோடு பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதுவும் மறைபொருள்தான். இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, பதினொரு வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம். உங்கள் ஆசான் தந்தவற்றில் பெரும்பகுதி இந்த வகையாகத்தான் இருக்கும். அதை இரகசியம் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது வீண். இந்த வாரமே தொடங்குங்கள், வகுப்புக்கு ஓர் அசைவு, அதற்கு ஒரு காரணம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம்.

சரி, பொருளைப் பிந்திக் கொடுப்பதில் அர்த்தமே இல்லையா? இருக்கிறது. அதை அழகாகச் செய்கிறவர்கள் ஜப்பானின் தென்ஷின் ஷோதென் கடோரி ஷிந்தோ ரியூ என்ற பழைய வாள் மரபினர். அங்கே சேர்கிறவர் விரலைக் கீறி இரத்தத்தால் கையொப்பமிட்டுச் சத்தியம் செய்வது மரபு. அவர்கள் இருவராகச் செய்யும் கட்டாக்களில் மரவாளும் மரவாளும் ஆகாயத்தில் மோதுவதைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர் காண்பார். வருடங்கள் போன பிறகு ஆசான் வாயால் சொல்லுவார்: இந்த வெட்டு வாளுக்கு விழவில்லை, மணிக்கட்டுக்கு, அது கழுத்துக்கு. மாணவர் புதிதாக ஒன்றும் பழகத் தேவையில்லை. உடம்பில் ஏற்கெனவே ஊறிய அசைவுக்குத் தூரம் மட்டும் கொஞ்சம் மாறுகிறது. இந்த மரபை 1960இல் சிபா மாகாணம் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அவர்கள் போட்டி நடத்துவதில்லை. அங்கே அசைவைப் பழுதாக்காமல் வைத்திருப்பது மாணவரின் கடமை, நேரம் பார்த்துப் பொருளைச் சொல்வது ஆசானின் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

ஜூடோவின் கதை வேறு மாதிரி. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் தன் பயிற்சிக்கூடமான கோடோகனைத் தொடங்கியபோது, முழுப்பலத்தோடு பழகினாலும் ஆளுக்குச் சேதம் வராத எறிமுறைகளைத் தினப் பயிற்சிக்கு வைத்தார். அடிகளையும் ஆயுதத்துக்கு எதிரான முறைகளையும் கட்டாவில் வைத்தார். தான் பழகிய கிதோ ரியூ என்ற பழைய மல்யுத்த மரபின் வடிவத்தைக்கூட கொஷிகி நோ கட்டாவாக அப்படியே காப்பாற்றினார். நல்ல ஏற்பாடு. ஆனாலும் தினமும் கை வைக்காதது வாடும் என்பதற்கு அதுவே சாட்சி: இன்று பல ஜூடோ மாணவர்கள் கட்டாவைத் தரப்படுத்தல் சோதனைக்குக் கொஞ்சம் முன்னர்தான் தொடுகிறார்கள்.

இனிச் சிலம்பத்துக்கு வருவோம். கொழும்பில் சிலம்பத்தின் முதல் எதிரி மெடல் இல்லை, கூரை. அடுக்குமாடி மண்டபங்களில் மின்விசிறியும் டியூப் லைட்டும் தலைக்கு மேலேயே தொங்குகின்றன. கம்பை நிமிர்த்தி வைத்தால் பழகுபவரின் புருவ மட்டத்துக்கு வர வேண்டும் என்பது பல ஆசான்களின் கணக்கு. மண்டபத்துக்காகக் கம்பை வெட்டிச் சின்னதாக்கினால் சுற்று வேகமாகும், பார்க்க நன்றாக இருக்கும், பெற்றோரும் கைதட்டுவார்கள். ஆனால் நீளக் கம்பு கேட்கிற காலடி போய்விடும். நீளக் கம்பைக் கையால் மட்டும் சுற்ற முடியாது, கால் நகர்ந்து இடம் கொடுத்தால்தான் அது உடம்பைச் சுற்றி வரும். குட்டைக் கம்பை நின்ற இடத்திலேயே சுற்றிவிடலாம். உங்கள் ஆசான் வாய்திறந்து சொல்லாத எத்தனையோ விஷயத்தை அந்தக் கம்பின் நீளம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. முடிந்தால் மாதத்தில் ஒரு தரமாவது விடியற்காலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கோ ஒரு மைதானத்துக்கோ கூட்டிப்போய் முழுநீளக் கம்பைக் கையில் கொடுங்கள். மணலில் கால் புதையும்போது காலடியில் எங்கே பிழை என்று அவர்களுக்கே விளங்கும்.

வர்மம் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். நூல்கள் பொதுவாக 108 வர்மங்கள் என்று சொல்லும்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இடங்களின் பெயரை மனப்பாடம் செய்வது பெரிய காரியம் இல்லை, இன்று கடையில் வாங்குகிற புத்தகத்திலும் படம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தை விரலளவில்தான் குறிப்பார்கள், அந்த விரல் அடிபட்டவருடைய விரல். ஒரு குழந்தைக்கும் ஒரு பெரிய ஆளுக்கும் அதே அளவு வெவ்வேறு இடத்தில் போய் விழும். எவ்வளவு அழுத்தம், எந்தக் கோணம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஆசான் உங்கள் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டினால்தான் வரும். பழைய ஆசான்கள் அடங்கலையும், அடிபட்டவரைத் தடவிக் குணமாக்கும் இளக்குமுறையையும் கைப்பாடமாக்காத மாணவனுக்கு அடிக்கும் இடத்தைக் காட்டத் தயங்கியது இதனால்தான். எடுக்கத் தெரியாதவன் கொடுக்கக் கூடாது. இந்த ஒழுங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். உங்களிடம் நீண்ட காலம் நின்று, கோபத்தை அடக்கத் தெரிந்த, வயது வந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் இதைக் கொடுங்கள். அவர்களிலும் தடவிக் கொடுக்கிற பொறுமை இல்லாதவருக்கு வேண்டாம்.

மற்றப் பிள்ளைகளுக்கு வர்மத்திலிருந்து ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கே அடிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் உரிய பாடம். நெற்றிப்பொட்டு, பிடரி, தொண்டை, நெஞ்சுக்குழி. ஆசான்கள் நெஞ்சைப் பற்றி எச்சரித்ததற்கு இன்றைய மருத்துவத்திலும் இடம் இருக்கிறது: இதயத்துக்கு நேரே, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழுகிற அடி, எலும்பு முறியாமலே, காயம் தெரியாமலே இதயத்தின் ஒழுங்கைக் குலைத்து ஆளைச் சாய்த்துவிடும். பந்து பட்டு விழுந்த பிள்ளைகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். கழுத்தின் பக்கத்தில் அடி விழுந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வருவதும் அறிந்த விஷயம். வகுப்பில் ஒரு பிள்ளை நெஞ்சில் அடிபட்டு விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், அடங்கல் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்க, மற்றவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும். நீங்களும் உங்கள் உதவியாளரும் அந்த முதலுதவியை முறையாகப் பழகியிருக்க வேண்டும். ஆசானுக்குச் செய்யும் மரியாதையில் இதுவும் சேரும், ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒரு ஊரின் ஆசான் என்றால் விழுந்தவனைத் தூக்கி நிறுத்துகிறவரும் அவர்தான்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மறைபொருள் என்ற பெயரில், தொடாமலே ஆளை விழுத்துகிறேன் என்று வருகிறவர்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். 2017இல் சீனாவின் செங்டுவில் ஷூ சியாவ்டொங் என்ற கலப்புச் சண்டை வீரர், தை சி ஆசான் என்று பெயர் எடுத்த ஒருவரைச் சில விநாடிகளில் தரையில் போட்டார். அதைப் பார்த்துப் பலர் பழைய கலை முழுவதுமே பொய் என்றார்கள், அது அநியாயம். தன் மாணவரைத் தவிர வேறு யாரோடும் கை கலக்காத ஆசானுக்கு எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது தெரியவே வராது. உங்கள் மாணவர்களை, பாதுகாப்புக் கவசத்தோடு, இசைந்து கொடுக்காத ஆட்களோடு அடிக்கடி பழக விடுங்கள். இழுத்த கையின் விளக்கம் உண்மையா என்பது, இழுபட விரும்பாத ஒருவனின் கையைப் பிடிக்கும்போதுதான் தெரியும். சோதித்துப் பார்த்ததைக் கொடுத்தால் வாங்குகிறவன் நம்புவான், நம்பியதைத்தான் அவன் தன் மாணவனுக்கும் கொடுப்பான்.

மூச்சும் மந்திரமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூச்சை எல்லாருக்கும் பழக்கலாம், ஆனால் கூட்டமாகப் பழக்க முடியாது. ஒகினாவா ஆசான் மியாகி சோஜுனின் கோஜு ரியூ என்ற கராத்தே முறையில், மூச்சுக்கு முக்கியமான சான்சின் கட்டாவைத் திருத்தும்போது ஆசான் மாணவருக்குப் பின்னால் நின்று தோளையும் தொடையையும் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். தட்டும்போது மூச்சு உடைகிறதா என்று காதால் கேட்பார். அது ஒருவருக்கு ஒருவர் என்ற வேலை. மூச்சை இறுக்கிப் பிடித்தால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால், பெரியவர்கள் பழக வந்தால் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். மந்திரம் வேறு. உங்கள் வகுப்பில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளையும் இருக்கும், தெமட்டகொடை முஸ்லிம் பிள்ளையும் இருக்கும். தரையைத் தொட்டு வணங்கி, கம்பை எடுப்பதை ஆசானுக்கும் களத்துக்கும் செய்யும் மரியாதை என்று சொல்லுங்கள். அதிலும் மனம் ஒப்பாத பிள்ளை நின்றபடி கைகூப்பட்டும், அல்லது அமைதியாக நிற்கட்டும். மந்திரத்தை அந்த வழியில் நிற்பவருக்கு மட்டும், ஆசான் தந்தபடி முழுதாகக் கொடுங்கள். எல்லாருக்கும் பொதுவாக்க வேண்டும் என்று அதை வெறும் மூச்சு எண்ணிக்கையாகச் சுருக்கிவிட்டால், பிறகு அதைத் தேடி வருகிற ஒருவருக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. நவராத்திரியில் வாணி விழாவோடு கம்புகளை வைத்துப் பூசை செய்வதை விடாதீர்கள். அன்றைக்கு ஆசானின் பெயரையும், அவருடைய ஆசானின் பெயரையும் பிள்ளைகள் காதில் விழச் சொல்லுங்கள்.

மெடலைப் பகைக்க வேண்டாம், பிள்ளைகளை வாசலுக்குக் கொண்டுவருவது அதுதான். கராத்தே ஒலிம்பிக்கில் டோக்கியோவில் ஒரு தரம் வந்தது, 2024 பாரிஸில் இல்லை. போட்டி விதிகள் இப்படி வரும், போகும். உங்கள் பாடத்திட்டத்தை அதன்மேல் முழுதாகக் கட்டினால் விதி மாறும்போது நீங்களும் மாற வேண்டிவரும். ஓ/எல் வந்ததும் நிற்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சோதனை முடிந்து, கேட்காமலே திரும்பி வந்து, "சேர், அந்தக் காலடி மறந்துபோச்சு, திரும்பக் காட்டுங்கோ" என்று நிற்கிற ஒருவன் இருப்பான், அல்லது ஒருத்தி இருப்பாள். உங்கள் ஆசானின் சொத்துக்கு உரியவர்கள் அவர்கள்தான்.

நம் தீவிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1818 ஊவா கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரர் சிங்களவரின் பழைய சண்டைக்கலையான அங்கம்பொறவைத் தடை செய்தார்கள். சில சிங்களக் குடும்பங்கள் அதை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றின. நம் சுருள்வாளை நினைவூட்டுகிற எத்துணு கடுவ என்ற நெளியும் வாளும் அவர்களிடம் இருக்கிறது. மாயா அங்கம் என்று மந்திரப் பகுதியும் உண்டு. கிழக்கில் முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் சீனடி சிலம்படி இப்படித்தான் அண்ணாவிமார் (ஆசான்மார்) வழியாக வந்திருக்கிறது. மலையகத்தில் தோட்டத் திருவிழாக்கள் கம்பைக் கைவிடவில்லை. பட்டியலும் கட்டடமும் இல்லாத காலத்தில் இவற்றைத் தாங்கியது ஒரு வீடு, ஒரு முற்றம், ஒரு மருமகன். அந்த அளவில் நின்றால் போதும். நூறு பேர் வேண்டாம்.

வீடியோ கேட்டீர்கள். எடுங்கள், கட்டாயம் எடுங்கள். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சேர்ந்து போனதைக் கண்ட சமூகம் நாம், ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைக்கலாமா? ஆனால் பதிவு மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஒகினாவா ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் பிரதி எடுத்து வைத்திருந்த புபிஷி என்ற சீனச் சுவடியில் 48 சண்டைப் படங்கள், மருந்து முறைகள், எந்த நேரத்தில் எந்த உயிர்நிலை என்ற குறிப்புகள் எல்லாம் உண்டு. மியாகி தன் முறைக்குக் கோஜு என்ற பெயரை அதிலிருந்துதான் எடுத்தார். பிரதி எடுத்தவர்களுக்கு விளங்காத இடங்களில் பிழைகள் ஏறின. அந்தப் படங்களில் யார் என்ன செய்கிறார் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. சித்தர் பரிபாஷையில், அதாவது மறைமொழியில், எழுதிய நம் வர்ம ஏடுகளின் நிலைமையும் இதுதான், வாய்மொழி இல்லாமல் பாட்டு திறக்காது.

அதனால் ஆசானிடம் போகும்போது தனியாகப் போகாமல், உங்கள் மூத்த மாணவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கமெராவைப் பார்த்து ஆசானைச் செய்துகாட்டச் சொன்னால் எண்பது வயதில் அவர் களைத்துப்போவார், அழகான அசைவுகளைத்தான் செய்வார். மாணவரைச் செய்ய விட்டு, ஆசான் திருத்துவதைப் பதிவு செய்யுங்கள். அவர் எங்கே கைவைத்து நிறுத்துகிறார், எந்தச் சொல்லால் ஏசுகிறார், எதைச் சரி என்று விடுகிறார் என்பதில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது. காலடியைப் பின்னாலிருந்தும் எடுங்கள். வர்ம இடங்களுக்கு அவர் ஊரில் சொல்கிற பெயரை அவர் சொன்னபடியே எழுதுங்கள், புத்தகத்தைப் பார்த்துத் திருத்த வேண்டாம். யாரிடம் பழகினார், எந்த ஊர், அந்த ஆசான் எதை மறைத்தார் என்று கேளுங்கள். அடங்கல் பகுதியை எடுப்பதற்கு முன்னால் அவருடைய அனுமதியை வாங்குங்கள், அவர் வீட்டில் இந்தக் கலையைத் தொடுகிற பிள்ளையோ மருமகனோ இருந்தால் அவர்களையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் கமெராவை அணைத்துவிட்டுக் கையை நீட்டிப் பழகுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் குடும்பத்திடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்திருங்கள், இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். யூடியூபில் போட வேண்டாம். அடுத்த விடுமுறை வரட்டும் என்று நிற்காமல் இந்த மாதமே மட்டக்களப்புக்குப் போய்வாருங்கள்.